சாயங்காலத் தபால்

செல்லையா அண்ணனின் இடது கை எப்போதும் தோளில்தான் இருக்கும். தபால் பையின் வார் கிடக்கும் இடத்தை நாலு விரல்களாலும் பிடித்திருப்பார். பை இல்லாத நாளிலும் அப்படியே. எங்கள் கடை வாங்கில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கும்போதுகூட அந்தக் கை இறங்காது. நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து பார்த்துவந்த பழக்கம் இது.

தெரணியகலைத் தபால் கந்தோருக்கு எதிரே வாப்பாவின் கடை. நாலு மைல் மேலே இருந்த ரப்பர் தோட்டத்துக்குச் செல்லையா அண்ணன் இருபத்திரண்டு வருஷம் தபால் சுமந்தார். துரையின் கடிதங்கள் பூட்டிய பைக்குள் போகும். லயத்துச் சனங்களின் கடிதங்கள் அவர் கையில். எழுத்துத் தெரியாதவர். உறைகளில் உள்ள பேர்களை நான் வாசித்துச் சொல்ல, அடுக்கின வரிசையை மனதில் வைத்துக்கொண்டு போவார்.

மூலையில் கறுப்பு மை தடவிய உறை வந்தால் மட்டும் அதைத் தனியாகச் சட்டைக்குள் வைப்பார். அது சாவுச் செய்தி. வேலை நேரத்தில் கொடுத்தால் வாங்கியவர் அழுதுகொண்டு லயத்துக்குப் போய்விடுவார். அன்றைக்குப் பேர் விழாது, சம்பளம் போய்விடும். அதனால் அந்தியில் கங்காணி வேலைக்கணக்கில் பேர் போட்ட பிறகே கொடுப்பார். இதைத் தோட்டத்தில் யாரும் குறை சொன்னதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திமூன்றாம் வருஷம் மூக்காயிக்கு அப்படி ஒரு கடிதம் வந்தது. ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள். அவளுடைய தாய் இந்தியாவில் இருந்தாள். நான் கொழும்பிலிருந்து லீவில் வந்திருந்தேன்.

"காலையிலயே குடுத்துரட்டா தம்பி, அந்தியிலயா?" என்று கேட்டார். என்றைக்கும் கேட்காதவர்.

"அந்தியிலேயே குடுங்க, பாவம்" என்றேன். பி.ஏ. வகுப்பில் படிப்பவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பார்.

அந்தியில் பிரித்தபோது, தாயின் கருமாதி அன்றைக்குத்தான் என்று எழுதியிருந்தது. பொழுது சாய்ந்துவிட்டது. மூக்காயி தலை முழுகவும் இல்லை, ஒரு பிடி சோறு வைக்கவும் இல்லை. அவள் திட்டவில்லை. அடுத்த வருஷம் ஆடி அமாவாசை நெருங்கும்போது அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்: "கடத்தண்ணி ஒரு போத்தல் கொண்டாந்து தாங்கண்ணே. ஆத்தாவுக்குப் படைக்கிறப்போ தெளிக்கணும். அந்தக் கரையில கெடக்குறவளுக்கு இந்தத் தண்ணியாவது போகட்டும்."

தோட்டத்துச் சைக்கிளைச் சொந்தப் பயணத்துக்குத் துரை விடமாட்டார். நான் பட்டம் பெற்றதற்கு வாப்பா வாங்கித் தந்த சைக்கிளைக் கொடுத்தேன். ஒரு சர்பத் போத்தலைக் கழுவித் தக்கை அடைத்து ஹாண்டிலில் தொங்கவிட்டார். அமாவாசை வெள்ளிக்கிழமை. செவ்வாய் விடிய முன்னரே புறப்பட்டார்.

ஹொரணையில் வழிப்போக்கர் தங்கும் ஓர் அம்பலத்தில் படுத்து, புதன் காலை பத்து மணிக்குப் பாணந்துறைக் கடற்கரையில் இறங்கினார். முதல் வேலையாகப் போத்தலை நிரப்பினார். நடுப்பகலில் திரும்புவதுதான் ஏற்பாடு. ஆனால் முழங்கால் இரண்டும் விறகு மாதிரி ஆகிவிட்டன. சைக்கிளைத் தென்னையில் சாய்த்துவிட்டு மணலில் உட்கார்ந்தார்.

மீன் கூடையோடு போன ஒரு சிங்களக் கிழவி, "கொஹேத யன்னே?" என்று கேட்டாள்.

எங்கே போகிறாய் என்று தோட்டத்தில் யார் கேட்டாலும் அவரிடம் பதில் தயாராக இருக்கும். கந்தோருக்கு, பங்களாவுக்கு, ஆஸ்பத்திரிக்கு.

அன்றைக்கு, "நிகங்" என்றார். சும்மா.

"சும்மா வந்தவன் முகமா இது? சாவு வீட்டுக்குப் போறவன் மாதிரி இருக்கே!" என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்துக்கொண்டு போனாளாம்.

அங்கேயே தூங்கிவிட்டார். விழித்தபோது இருட்டிக்கொண்டு வந்தது. வியாழன் காலையிலும் உடனே கிளம்பவில்லை. ஒரு கடையில் அப்பம் சாப்பிட்டார். ஆடிக் காற்றில் அலை உயரமாக வந்தது. வள்ளங்கள் எதுவும் இறங்கவில்லை. வலைக்காரர்கள் வேலையில்லாமல் பீடி குடிப்பதைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். "இருபத்திரெண்டு வருஷ அலுப்பு தம்பி, ஒரே நாள்ல வந்து உக்காந்துக்கிச்சு. அங்கதான் பாத்தேன், கை தானா மடியில கெடக்கு" என்றார் பிறகு. மனதில் கணக்கும் போட்டிருக்கிறார்: வெள்ளி அந்திக்குள் போய்ச் சேர்ந்தால் போதும். வியாழன் உச்சிப் பொழுதுக்குத்தான் புறப்பட்டார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு எங்கள் கடை வாசலில் வந்து நின்றார். உதடு வெடித்திருந்தது, முகத்தில் மட்டும் பெருமை.

"இன்னும் பேரு போடல தம்பி. அதுக்குள்ள குடுத்தா இன்னைக்குத் தபால்தான்!"

"சரிதான்" என்றேன். இந்த முறையும்.

விளக்கு வைக்கும் நேரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தார். போத்தல் அப்படியே தொங்கியது.

"படையலு உச்சிக்கே முடிஞ்சிருச்சாம். வெறும் ஆத்துத் தண்ணியத்தான் தெளிச்சாளாம். காக்கா வந்து எடுத்துட்டும் போயிருச்சாம். என்ன கேட்டா தெரியுங்களா? 'செத்தவங்களுக்கு எந்தக் கங்காணிண்ணே அந்தியில பேரு போடுறான்?'னு கேட்டா."

கை மறுபடி தோளுக்குப் போய்விட்டிருந்தது.

"வர்ற ஆடிக்குப் புதுத் தண்ணி கொண்டாரணுமாம். கொண்டாரேன்னு சொல்லிட்டேன். சைக்கிள் தருவீங்களா?"

"தருவேன்."

அந்த மார்கழியில் கேகாலைப் பக்கமெல்லாம் காய்ச்சல் பரவியது. செல்லையா அண்ணன் ஒன்பது நாள் கிடந்து போய்விட்டார். ஊரில் இருந்த அவருடைய ஆட்களுக்குக் கறுப்பு மை உறைகளை நான்தான் எழுதினேன். காலைத் தபாலிலேயே சேர்த்தேன்.

அடுத்த ஆடி பிறந்ததும் மூக்காயியைத் தேடித் தோட்டத்துக்குப் போனேன். நான் போய்த் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்றேன்; அன்றைக்குக் கடிதத்தை அந்தியில் கொடுக்கச் சொன்னவன் நான்தான் என்றும் சொன்னேன். பால் வாளியைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"நீங்க என்னத்துக்குத் தம்பி அலையணும்? கொண்டாரேன்னு சொன்னது அவரு. அவரு வாக்கு அவருகிட்டயே இருக்கட்டும்."

சொல்லிவிட்டு அடுத்த மரத்துக்குப் போனாள்.