லொக்குக்குப் போய்ச் சேராத வரிகள்

கொம்பியூட்டர் திருத்தப் போகிறவனை எந்த வாசலிலும் ஒரே வசனம்தான் வரவேற்கும்: "நான் ஒண்டுமே செய்யல்ல தம்பி, அது தானா நிண்டிட்டு." இந்தத் தொழிலில் கிடந்து உழலும் சகோதரர்களே, உங்கள் காதிலும் இது விழுந்திருக்கும். கற்பிட்டியில் இருந்துகொண்டு புத்தளம், மதுரங்குளி என்று பஸ்ஸில் ஓடிய காலத்தில் நான் இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப் போனேன். ஆனாலும் புத்தளம் பக்கத்துக் கரைத்தீவில் இருந்த ஒரு சின்னக் கந்தோரை நினைத்தால் மட்டும் இன்றைக்கும் வாயில் அல்ஹம்துலில்லாஹ் என்றுதான் வரும்.

வெள்ளை எழுத்து

யுத்தம் முடிந்து, வடக்கிலிருந்து விரட்டப்பட்டு வந்து புத்தளத்து முகாம்களில் இருந்த சனங்கள் தங்கள் காணிகளைத் திரும்பக் கேட்கத் தொடங்கிய நேரம் அது. காணி உறுதிகளை, அதாவது உரிமைப் பத்திரங்களை, ஸ்கேன் செய்து வைக்கக் கரைத்தீவில் ஒரு சங்கம் ஓர் அறையில் கந்தோர் திறந்தது. செயலாளர் சலாம் ஹாஜியார், கருவாட்டு வியாபாரி. கொம்பியூட்டரில் இருந்தவள் பரீனா, முகாமில் பிறந்து வளர்ந்த பிள்ளை. யாரோ கொடுத்த பழைய மெஷினில் நான் லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். பரீனாவின் வாப்பாவுடைய உறுதியும் அதற்குள் இருந்தது. ஸ்கேன் செய்த வருஷ மாரியில் அவர்கள் வீட்டுக்குள் வெள்ளம் ஏறி, அசல் தாள் பெட்டியோடு கூழாகிப் போனது. பதிவுக் கந்தோரில் இருந்த பிரதியும் யுத்தத்தில் போய்விட்டதாம். வடக்கே முசலிப் பக்கம் அவருக்கிருந்த காணிக்கு மிஞ்சிய சாட்சி அந்த டிஸ்கில் மட்டும்தான். இன்னொரு டிஸ்கில் எல்லாவற்றையும் கொப்பி எடுத்துத் தருகிறேன் என்று நான் வாக்குக் கொடுத்திருந்தேன். அடுத்த கிழமை, அடுத்த கிழமை என்று தள்ளிக்கொண்டே போனேன். என் பிழைதான், ஒளிக்க என்ன இருக்கிறது.

மெஷின் எழும்பும்போது திரையில் ஓடும் வெள்ளை எழுத்து என்னவென்று பரீனா ஒருநாள் கேட்டாள். கேட்க ஓர் ஆள் கிடைத்ததே என்று நானும் உட்கார்ந்துவிட்டேன். எல்லாவற்றுக்கும் அடியில் கேர்னல் என்று ஒன்று இருக்கிறது, டிஸ்க், மெமரி, கீபோர்ட் எல்லாவற்றோடும் நேரே கதைப்பது அதுதான் என்றேன். எங்காவது கோளாறு கண்டால் அது உடனே ஒரு வரி சொல்லும். ஆனால் நேராக டிஸ்கில் எழுதாது. மெமரியில் வளையம் மாதிரி ஒரு சின்ன இடம் இருக்கிறது, அங்கேதான் போடும். வேறொரு புரோகிராம் வந்து அதை எடுத்துப் போய், லொக் என்கிற பதிவேட்டில் எழுதி டிஸ்கில் வைக்கும். வளையம் நிறைந்தால் பழைய வரி அழிந்து புதியது ஏறும். எடுத்து எழுதுமுன் கரண்ட் போனால் சொன்னதெல்லாம் போச்சு. என்னை நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிடுகிற பரீனா சொன்னாள்: "எங்கட ஆக்கள்ட கதையும் இதானே நானா. எழுத ஒராள் வாற வரைக்கும் சொன்னவங்க உசிரோட இருக்கோணும்."

கனமூலையில் ஒரே வரி

அதே மாதம் கனமூலையில் ஒரு வியாபாரியின் கடைக்குப் போனேன். டிஸ்க் நிறைந்துவிட்டது, ஒன்றும் சேமிக்க முடியவில்லை என்றார். திறந்து பார்த்தால் இடத்தை எல்லாம் பிடித்துக்கொண்டிருந்தது லொக் பைல்தான். ஒரே வரி, மேலிருந்து கீழ் வரை ஒரே வரி: டிஸ்கைப் படிக்க முடியவில்லை என்று கேர்னல் மாதக்கணக்கில் முறையிட்டிருக்கிறது. வேறொரு மெக்கானிக் அதைக் குப்பை என்று இரண்டு தரம் அழித்தும் விட்டிருக்கிறான்.

நல்ல காலம், சாமான்களைப் புது டிஸ்குக்கு மாற்ற முடிந்தது. அந்த வரிகளை வியாபாரிக்கு வாசித்துக் காட்டினேன். மனுஷன் தாடியைத் தடவிக்கொண்டு சொன்னார்: "ஒருக்காச் சொல்லியிருந்தா என்னெண்டு கேட்டிருப்பம் தம்பி. ஓயாமச் சொன்னதாலதான் ஒருத்தரும் கேக்கல்ல."

ஹாஜியாரின் சுவிட்ச்

கரைத்தீவு மெஷின் இடைக்கிடை உறையத் தொடங்கியது. நான் போய் லொக்கைப் பார்ப்பேன், ஒரு வரி இருக்காது. எப்படி இருக்கும்? டிஸ்க் திணறும்போது லொக்கை எழுதுவதும் அதே டிஸ்கில்தானே. செய்தி மெமரியில் மட்டும் நிற்கும். மெஷின் உறைந்ததும் சலாம் ஹாஜியார் பிஸ்மி சொல்லி மெயின் சுவிட்சை இறக்கி ஏற்றுவார், மெமரியும் காலி. நான் வந்து சேரும்போது மெஷின் ஒன்றும் அறியாத பிள்ளையாய் இருக்கும்.

அவர் மேல் கோபப்படவும் முடியாது. முகாமில் ஒரு வெள்ளிக்கிழமை எல்லாரும் ஜும்மாவுக்குப் போயிருந்த நேரம் வயர் பற்றி, ஓலைக் குடில்கள் வரிசையாக எரிந்ததை அவர் கண்ணால் கண்டவர். அன்றிலிருந்து ஜும்மாவுக்குப் போகுமுன் மெயினை இறக்காமல் அவர் வாசலைத் தாண்ட மாட்டார். இதற்குள் நான் செய்த கெட்டித்தனம் வேறு. வெள்ளை எழுத்து ஓடினால் வருகிற சனங்கள் மெஷின் பழுது என்று பயப்படுகிறார்கள் என்று அவர் சொன்னதால், திரையில் வரிகள் வராமல் நானே அடைத்து வைத்திருந்தேன். லொக்கிலும் இல்லை, திரையிலும் இல்லை. புத்தி வந்து அதைத் திறந்துவிட்டேன். இனி மெஷின் உறைந்தால் அணைக்க வேண்டாம், எனக்குப் போன் எடு என்று பரீனாவிடம் சொன்னேன். ஹாஜியார் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்: "நோயாளிய எழுப்பாம வச்சிப் பார்க்கிற வைத்தியம் இப்பதான் கேள்விப்படுறன்."

மணல் வாளி

காணிக் கேள்விகளை விசாரிக்கிற அரச கூட்டமான காணிக் கச்சேரிக்குத் திகதி வந்தது, ஒரு திங்கட்கிழமை. உறுதிக்காரர் எல்லாரும் பிரதியோடு அதிகாரியின் முன் நிற்க வேண்டும். அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை, பதினொன்றரை மணிக்குப் பரீனா போன் எடுத்தாள். பிரின்ட் எடுக்கும்போது மெஷின் உறைந்துவிட்டது, திரையில் வெள்ளை எழுத்து ஓடுகிறது, ஹாஜியார் மெயினை இறக்க எழும்பிவிட்டார். நான் கற்பிட்டியில். பேய் முழி முழித்துக்கொண்டு "அணைக்க வேணாம், ஜும்மா முடிஞ்ச கையோட வாறன்" என்றேன். வேறு என்ன சொல்வது.

பிறகு நடந்ததை ஹாஜியாரே எனக்குச் சொன்னார். பரீனா போய் சுவிட்ச் போர்டுக்கு முன்னால் நின்றுகொண்டாளாம். பெரிய மனுஷருக்கு எதிரே ஒரு நாளும் குரல் உயர்த்தாத பிள்ளை. அப்போதும் உயர்த்தவில்லையாம். மீன் காயப்போடும் இடத்திலிருந்து ஒரு வாளி மணலை அள்ளிவந்து மெஷினுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சொன்னாளாம்: "நீங்க தொழப் போங்க மாமா. நெருப்புப் பத்தினா இந்த மணலப் போடுவன், பத்தாட்டி வாப்பாட காணியக் காப்பாத்துவன்."

அழிறப்பர்

நான் போய்ச் சேர மூன்று மணி. உள்ளே போனதும் கை தன்பாட்டில் பையிலிருந்த பென்சில் அழிக்கும் அழிறப்பரைத் தேடியது. கடற்கரையோரம் தொழில் செய்கிறவர்களுக்கு இது விளங்கும். உப்புக் காற்றில் வயர் முனைகள் களிம்பு பிடிக்கும். மெஷினை அணை, மூடியைக் கழற்று, முனையை அழிறப்பரால் தேய், திரும்பப் போடு. பத்தில் எட்டுத் தரம் அதுதான் மருந்து. திரையிலும் ஒரே வரிதான் திரும்பத் திரும்ப ஓடியது, டிஸ்கைப் படிக்க முடியவில்லை என்று. வயர் பிழை என்றாலும் அது அப்படித்தான் சொல்லும். அணைக்கக் கையை நீட்டிவிட்டேன்.

அப்போது பரீனா தடித்த மட்டை போட்ட ஒரு சீஆர் நோட்டுக் கொப்பியை நீட்டினாள். மெஷின் உறைந்த நிமிஷத்திலிருந்து திரையில் வந்ததைப் பென்சிலால் எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதியிருந்தாள், எட்டுப் பக்கம். வளையம் நிறைந்து முதல் வரிகள் மெமரியிலிருந்து எப்போதோ அழிந்திருந்தன. அவள் கொப்பியில் மட்டும் இருந்தன. மூன்றாவது வரியில் கேர்னல் சொல்லியிருந்ததன் அர்த்தம் தெளிவு: வயரில் கோளாறில்லை, டிஸ்கின் தட்டே சாகிறது. அப்படிச் சாகிற தட்டு ஒருக்கா நின்றால் திரும்பச் சுற்றாமலே போகலாம்; நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். அணைக்காமல், வேறு டிஸ்கைச் செருகி, மெஷின் இடைக்கிடை அசைந்து கொடுத்த நேரம் பார்த்து ஒவ்வொரு பைலாக இழுத்தேன். அந்தி மஃரிபுத் தொழுகைக்கு முன் கடைசி உறுதியும் வந்துவிட்டது. பிறகு சோதித்துப் பார்க்க ஒரு தரம் அணைத்துப் போட்டேன். டிக் டிக் என்றது, அதோடு சரி. அது பிறகு எழும்பவே இல்லை. "நீ எழுதியிருக்காட்டி நானே இதக் கொன்னிருப்பன் புள்ள" என்று மட்டும் சொன்னேன். அவள் பென்சிலைச் சீவிக்கொண்டே சொன்னாள்: "எடுத்து எழுத ஒராள் வேணுமெண்டு நீங்கதானே நானா சொல்லித் தந்தீங்க."

திங்கட்கிழமை

கச்சேரிக்கு நானும் போனேன், சும்மா, மனம் கேட்கவில்லை. அதிகாரி பரீனாவின் வாப்பாவுடைய பிரதியை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார், எல்லைகளை வாசித்தார், பதிவேட்டில் எழுதிக்கொண்டார். காணி கையில் வர இன்னும் எத்தனையோ கந்தோர் ஏற வேண்டும், அது வேறு கதை. ஆனால் பெயர் ஏறிவிட்டது. வாப்பா மேசையை விட்டு நகரவில்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்ட பிறகும் நின்றார். என்ன வேண்டும் என்று அதிகாரி கேட்டதற்கு அவர் சொன்னார்: "ஒண்டுமில்ல சேர், மை காயட்டும் எண்டு நிக்கிறன்."

கேர்னலின் செய்தி லொக்குக்குப் போகும் வழியை ஊரூராய்ப் போய் விளக்கியவன் நான்தான், ஆனால் அந்த வழி அடைபட்ட அன்றைக்கு என் மானத்தைக் காப்பாற்றியது ஒரு வாளி மணலும் ஒரு பென்சிலும்.