வாயில் தண்ணீர், பலகையில் பின்னம்

அவளுக்கு வீட்டில் ரேடியோ என்று பெயர். அண்ணன் வைத்தது. கல்யாணமான பிறகு கணவனும் அதையே பிடித்துக்கொண்டான். கண் விழித்ததும் ஆரம்பித்தால் தூக்கம் வரும்வரை பேச்சுதான். இவ்வளவு பேசுகிறவள் பாடம் நடத்தினால் பிள்ளைகளாவது பிழைக்கட்டும் என்று அண்ணன்தான் அவளை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர்த்துவிட்டான்.

பயிற்சிக்காக ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்பைக் கொடுத்தார்கள். கணிதம், பின்னங்கள். கல்லூரியில் கணிதம் கற்பிக்கும் முறைகளைச் சொல்லித்தரும் விரிவுரையாளர், அவள் பாடத்தைப் பார்ப்பதற்காகக் கடைசி பெஞ்சில் முட்டியை மடக்கி உட்கார்ந்திருந்தார்.

"அரைன்னா என்ன?" என்று கேட்டாள் ரேடியோ. பிள்ளைகள் மூச்சை இழுத்து வாயைத் திறப்பதற்குள், "ரெண்டு சமமான பங்குல ஒண்ணு. சரியா? சரி. சபாஷ்" என்று அடுத்ததற்குப் போய்விட்டாள். பாடம் முழுக்க இதே ஓட்டம். முதல் கேள்விக்குக் கை தூக்கிய ஒரு பொடியன், கை வலித்து மறு கைக்கு மாற்றி, கடைசியில் தூக்கியது வீணாக வேண்டாமே என்று தலையைச் சொறிந்துகொண்டு இறக்கிவிட்டான்.

மணி அடித்ததும் ஆசிரியர் அறையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

"நல்லாத் தயார் பண்ணியிருக்கீங்கம்மா. காகிதத்தை மடிச்சுப் பின்னம் காட்டினது ரொம்ப நல்ல யோசனை" என்றார் விரிவுரையாளர். ரேடியோவுக்கு உச்சி குளிர்ந்தது.

"ஆனா மடிச்சது நீங்க. கேள்வி கேட்டது நீங்க. பதில் சொன்னது நீங்க. சபாஷ் சொன்னீங்களே, அதையும் உங்களுக்கேதான் சொல்லிக்கிட்டீங்க."

"அது வந்து சார், வகுப்பு அமைதியா இருந்தா எனக்கு உடம்பெல்லாம் அரிக்கிற மாதிரி இருக்கு சார், அதனாலதான், நேரம் குடுக்கணும்னு எனக்கும் தெரியும், ஆனா..."

"நான் இன்னும் முடிக்கலம்மா."

"முடிங்க சார். நேரம் குடுக்கணும்னுதானே சொல்ல வர்றீங்க?"

விரிவுரையாளர் நெற்றியைத் தடவிக்கொண்டார். "ஒண்ணு செய்யுங்க. கேள்வி கேட்டதும் ஒரு வாய் தண்ணியை வாயில வெச்சுக்குங்க. பதில் வர்ற வரைக்கும் முழுங்காதீங்க."

அவர் பாதி விளையாட்டாகத்தான் சொன்னார். ரேடியோ அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள்.

அன்று மாலையே வீட்டில் ஒத்திகை ஆரம்பமானது. கணவன் பார்சல் அலுவலகத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றினான். "ஜன்னல்ல இருந்த பூந்தொட்டி எப்படி உடைஞ்சுது?" என்று ரேடியோ கேட்டுவிட்டு ஒரு வாய் தண்ணீரை ஊற்றிக்கொண்டு அவனையே பார்த்தாள்.

"பூனைதான்னு காலையில நீயே சொன்னியே."

அவள் கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. இத்தனை வருஷத்தில் அவள் வாய்மூடி அவன் பார்த்ததே இல்லை.

"சரி, நான்தான். துண்டை உதறும்போது பட்டுடுச்சு."

பார்வை மாறவில்லை.

"உங்க அண்ணன் வீட்டுக்குக் கூப்பிட்டப்போ காய்ச்சல்னு சொன்னேனே, அது காய்ச்சல் இல்ல. மேட்ச்." துண்டால் முகத்தைத் துடைத்தான். "அந்தப் பச்சைத் திரைச்சீலையும் எனக்குச் சுத்தமாப் பிடிக்கல. போதுமா? ஏதாவது பேசு, பயமா இருக்கு."

ரேடியோ தண்ணீரை விழுங்கினாள். "இந்த முறை பிரமாதமா வேலை செய்யுது" என்றாள். திரைச்சீலைக்கான வழக்கு இரவுச் சாப்பாடு வரை நடந்தது.

அடுத்த வாரம் விரிவுரையாளர் மறுபடியும் வந்து அதே கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். இம்முறை ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு காகிதப் பட்டை இருந்தது. மேசைமேல் தண்ணீர் பாட்டில்.

"அரையையும் மூணுல ஒண்ணையும் கூட்டினா என்ன வரும்?" என்று பலகையில் எழுதினாள். வாயை நிரப்பிக்கொண்டாள்.

வகுப்பு அமைதியானது. மின்விசிறி மட்டும் கடகடத்தது. பிள்ளைகள் பட்டையைப் பார்த்தார்கள், மிஸ்ஸின் கன்னத்தைப் பார்த்தார்கள். அமைதி நீண்டுகொண்டே போனது. ரேடியோ கல்லாக நின்றாள். தாங்க முடியாமல் போனது வேறு ஒருவருக்கு.

"அஞ்சுல ரெண்டு" என்றார் விரிவுரையாளர்.

மேலே உள்ளதையும் கீழே உள்ளதையும் தனித்தனியாகக் கூட்டிவிட்டார். எந்தத் தப்பைப் பிள்ளைகள் செய்வார்கள் என்று அவர் கல்லூரியில் ஒரு வாரம் வகுப்பெடுப்பாரோ, அதே தப்பு. ரேடியோவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயிலிருந்த தண்ணீரில் பாதி முன்பெஞ்சுக்குப் போனது, மீதி மூக்குக்கு ஏறியது. மேசையைப் பிடித்துக்கொண்டு இருமினாள். இருமல் நிற்கவே இல்லை.

மூன்றாவது பெஞ்சில் ரெட்டைப் பின்னல் போட்ட ஒருத்தி எழுந்தாள். "சார், அரையே அதைவிடப் பெருசாச்சே. அதோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா எப்படி சார் குறையும்?"

விரிவுரையாளர் குனிந்து பேனா மூடியைத் திருகினார்.

"பட்டையை ரெண்டா மடிச்சு, அப்புறம் மூணா மடிங்கடா" என்றாள் பின்னல்காரி, வகுப்புக்குப் பொதுவாக. வகுப்பே மடித்தது. ஆறு கட்டம் வந்தது. அரைக்கு மூன்று கட்டம், மூன்றில் ஒன்றுக்கு இரண்டு கட்டம். "ஆறுல அஞ்சு" என்று நாலைந்து குரல்கள் கேட்டன. ரேடியோ கண்ணில் நீரோடு தலையை மட்டும் ஆட்டினாள். அதற்கு மேல் அவளால் முடியவில்லை.

ஆசிரியர் அறையில் விரிவுரையாளரின் காது மடல் இன்னும் சிவந்திருந்தது.

"நான் வேணும்னேதான் தப்பாச் சொன்னேன். தூண்டிவிடறதுக்காக."

"தெரியும் சார்" என்றாள் ரேடியோ. அதோடு நிறுத்திக்கொண்டாள். அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"பாடம் நல்லா இருந்துச்சும்மா. ஒரு குறைதான். கை தூக்காம ஒருத்தர் கத்தினாரு, நீங்க கண்டிக்கல."

"அது நீங்க சார்."

"யாரா இருந்தா என்ன, கண்டிக்கணும்."

கடைசிப் பாடத்தைப் பார்க்க அவர் வந்தபோது ரெட்டைப் பின்னல்காரி கடைசி பெஞ்சுக்குப் போக விடவில்லை. தன் பக்கத்தில் நகர்ந்து இடம் கொடுத்தாள். "இங்க உட்காருங்க சார், நான் சொல்லித் தர்றேன்" என்று ஒரு காகிதப் பட்டையை நீட்டினாள். அவர் குறிப்பு எழுதக் கையில் எடுத்திருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டு, பட்டையை வாங்கி, அவள் சொன்னபடி மடிக்க ஆரம்பித்தார்.