மாமா கொண்டுவந்த கோடி

எங்கள் ஜனங்களில் யாராவது செத்தால் தாய்மாமன் கோடித்துணி எடுத்து வர வேண்டும். ஆணுக்கு வேட்டி, பெண்ணுக்குப் புடவை. என் தம்பி உயிரோடு இருக்கும்போதே அந்தத் துணியைப் பற்றி நான் கவலைப்பட ஆரம்பித்துவிட்டேன். எனக்கு எதற்கெடுத்தாலும் கவலைதான். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். டாக்டர் சொல்வதில் பாதி புரியாது. புரியாததற்கும் சேர்த்துப் பயப்படுவேன்.

தம்பி எனக்குத் தங்கையாகப் பிறந்தவன். பெரியவனானதும் முடியை வெட்டிக்கொண்டு, சட்டை பேண்ட் போட்டு, எங்கள் ஊர் ஆண்டர்சன்பேட்டையில் ஆட்டோ ஓட்டினான். சவாரிக்காரர்களுக்கு அவன் அண்ணா. வீட்டில் நான் ஒருத்திதான் தம்பி என்பேன். அப்புறம் அவனுக்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய் வந்தது.

பெங்களூர் ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டில் கட்டில் கொடுத்தார்கள். சட்டையைக் கழற்றி நைட்டி மாட்டினார்கள். நர்ஸ் பழைய பெயரைச் சொல்லிச் சத்தமாகக் கூப்பிடுவாள். அவன் திரும்ப மாட்டான். நான்தான் கையைத் தூக்குவேன். பக்கத்துக் கட்டில் அம்மா, "இன்னாமா இது, ஆம்பளைய கொண்டாந்து இங்க போட்டுகீறாங்க?" என்று கத்தினாள்.

தம்பி போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டான். உள்ளேயிருந்து குரல் வந்தது: "கேஜ் தப்பான லெவல்ல எறக்கி உட்டுடுச்சிக்கா."

அப்பா சுரங்கத்தில் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்கி வேலை பார்த்தவர். நான் சிரித்திருக்க வேண்டும். அழுதேன்.

அவன் போர்வையை விலக்கி என் கையைப் பிடித்தான். "நான் போனா என் மூஞ்சில மஞ்சள் பூசக் கூடாது. பொடவை கட்டக் கூடாது. உன்னத் தவிர யாரும் என் உடம்பப் பாக்கக் கூடாது."

"வாய மூடுடா" என்றேன். ஊருக்கு வந்ததும் வெள்ளைச் சட்டையும் வேட்டியும் வாங்கி பீரோவில் புடவைகளுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். அதன் பிறகும் மனசு அடங்கவில்லை. எங்கள் ஊரை அடுத்த கோரமண்டலில் இருக்கும் மாமாவிடம் போனேன்.

"அதுக்கு மஞ்ச தண்ணி ஊத்தனப்போ மொதப் பொடவை எடுத்தாந்தவன் நானு" என்றார் மாமா. "அதே கையால வேட்டி எடுத்தாரச் சொல்றியா?"

"அவன் கேக்குறான் மாமா."

"எவன்?"

கொடுத்த டீயைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டுக்கு அழைத்து வந்த மூன்றாம் வாரம், காலையில், தம்பி போய்விட்டான். மாமா வந்தார். பையிலிருந்து மஞ்சள் நிறப் புதுப் புடவையை எடுத்து நீட்டினார். தெருப் பெண்கள் அதற்குள் கிண்ணத்தில் மஞ்சள் குழைத்து வைத்திருந்தார்கள்.

யோசித்துச் செய்யவில்லை. புடவையைப் பிடுங்கி இரண்டு பெண்களிடம் கொடுத்து, "மறைப்புக்கு இதையே பிடிங்க. அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க. தண்ணி நான் ஒருத்திதான் ஊத்துவேன்" என்றேன்.

"கோடிய யாராச்சும் மறைப்புக்குப் பிடிப்பாங்களா? இன்னாடி, புத்தி கெட்டுப் போச்சா?" என்றாள் ஒருத்தி.

"பிடிங்கக்கா" என்று கத்தினேன். பிடித்தார்கள்.

எலும்பாகிப்போன உடம்பில் மெதுவாக ஊற்றினேன். பிறகு வேண்டுமென்றே இரண்டு சொம்பு புடவை மேல் ஊற்றினேன், கட்ட முடியாதபடி. துடைத்து, சட்டையை மாட்டி, வேட்டியைச் சுற்றினேன். கடைசிப் பொத்தானைப் போடும்போதுதான் பார்த்தேன். நனைந்து அவன் மேல் தொங்கிய புடவையிலிருந்து சாயம் சொட்டி, கழுத்தோரம் காலரெல்லாம் மஞ்சள். அவன் எதற்குப் பயந்தானோ அது. தேய்த்தேன். இன்னும் பரவியது.

மறைப்பை இறக்கினார்கள். "நனஞ்சி போச்சு மாமா" என்று புடவையைக் காட்டினேன்.

மாமா புடவையைப் பார்க்கவில்லை. வேட்டியைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார், காலரில் கண் நின்றது. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கழுத்தைச் சுற்றிப் போட்டார். பழைய துண்டு. கோடி இல்லை.

"கறை தெரியுது" என்றார். ஆஸ்பத்திரிக் காகிதத்தில் மட்டும் இன்னும் பெண் என்றுதான் எழுதியிருக்கிறது. அதை மாற்ற எனக்குத் தெரியவில்லை.

தூக்கிக்கொண்டு போகும்போது தெருமுனையோடு பெண்களை நிறுத்திவிட்டார்கள். அன்றைக்கு நல்ல காற்று. போகும் வழியில் அந்தத் துண்டு விலகி மஞ்சள் தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது. மாமாவைக் கேட்கப் பயமாக இருக்கிறது.