மரத்தில் எங்கள் ஊர்க் கிளை

எங்கள் ராஜபாளையத்துக்காரர்களுக்கு நாய் என்றால் பெருமை கொஞ்சம் ஜாஸ்தி. எனக்கும்தான். எங்கள் ஊர் நாய்க்குப் பால் வெள்ளை உடம்பு, ரோஸ் நிற மூக்கு, வளர்த்தவரைத் தவிர யாரையும் அண்டவிடாத திமிர். அந்தப் பெருமையே என் ஆராய்ச்சியைக் கவிழ்க்கப் பார்த்தது.

ஈறு நோய் வந்த விலங்குகளின் வாயிலிருந்து பாக்டீரியாக்களை எடுத்து, மரபணுக்களை ஒப்பிட்டு, எது எதற்கு எவ்வளவு நெருங்கிய சொந்தம் என்று வம்ச மரம் வரைவது என் வேலை. மனிதரின் ஈறுகளைக் கெடுக்கும் பாக்டீரியாவோடு இவற்றுக்கு என்ன உறவு என்பதும் அதில் தெரிந்துவிடும். பக்கத்து ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரின் கறவை மாடுகள் சமர்த்தாக வாயைக் காட்டின. ஆய்வகத் தட்டில் அவற்றின் பாக்டீரியா கறுப்புப் புள்ளிகளாக வளர்ந்தது. ராஜபாளையத்து நாய்களின் தட்டுகள் மட்டும் வெறுமையாகக் கிடந்தன. நாயை விட்டுவிட்டு மாட்டோடு முடித்துக்கொள்ளச் சொன்னார் என் கைடு. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. எங்கள் ஊர் நாய் இல்லாமல் நான் மரம் வரைவதா?

காரணம், பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடம் வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சி வீட்டில் தெரியவந்தது. அன்று சொன்ன நேரத்துக்கு முன்பே போய்விட்டேன். அவர் நாயின் வாயைப் பிளந்து, தன் தறியில் நெய்த துணியை உப்புத் தண்ணீரில் நனைத்து, ஈறுகளை அழுத்தி அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார். நான் நாயின் வாயிலிருந்து மாதிரி எடுக்க வரும்போதெல்லாம் இந்த உபசாரம் நடந்திருக்கிறது. விசாரித்தால் மற்ற வீடுகளிலும் அதே கதைதான்.

"வீட்டுக்கு ஆள் வருதுன்னா நாறுன வாயோடயா நிறுத்துவோம்? சீக்கு நாய்னு ஊரு பேசிட்டா அம்புட்டுதான், மானம் போயிரும்," என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"சரி அண்ணாச்சி. நான் வரையுற வம்ச மரத்துல சீவில்லிபுத்தூர் மாடு மட்டும் இருந்துட்டுப் போகட்டும். நம்ம ஊரு நாய் வேண்டாம்," என்றேன்.

துடைத்த கை அப்படியே நின்றது. மாடு மட்டுமா என்று கேட்டார். மாடு மட்டும்தான் என்றேன். துணியைப் பிழிந்து கொடியில் போட்டார். பிறகு நாய் வளர்க்கும் மற்றவர்களுக்கும் அவரே போன் போட்டு, யாரும் வாயைத் துடைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார்.

அடுத்த முறை போனபோது அவரே தாடையைப் பிடித்துக்கொண்டார். அடித்த நாற்றத்தில் எனக்குக் கண்ணில் நீர் வந்தது. ஒரு நாற்றத்துக்காக அவ்வளவு சந்தோஷப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். தட்டில் கறுப்புப் புள்ளிகள் வந்தன. பொறுப்பாக நாய்க்கு வைத்தியமும் பார்த்து ஈறுகளைச் சரிசெய்தோம்.

மரம் தயாரானது. மனித பாக்டீரியாவுக்குப் பங்காளி போல நெருக்கமாக, ஆனால் தனிக் கிளையாக, மாட்டினுடையதற்குப் பக்கத்தில் எங்கள் நாயினுடையது நின்றது. அதன் எதிரே ராஜபாளையம் என்று டைப் அடித்தபோது எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அண்ணாச்சிக்கு ஒரு பிரதி கொடுத்தேன்.

போன மாதம் அவர் வீட்டுக்குப் போனேன். நாய்க் கண்காட்சியில் வாங்கிய கோப்பைகளுக்கு நடுவே அந்த மரம் சட்டம் போட்டுத் தொங்கியது. குட்டி வாங்க வந்திருந்த ஒருவரை அதன் முன்னால் நிறுத்தி, எங்கள் கிளையில் விரலை வைத்திருந்தார்.

"எங்க நாய்க்கு ஈறுல சீழே புடிச்சிருந்துச்சு," என்று அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "அதுலருந்து எடுத்ததுதான் இது."