யமுனையில் ஒரு கட்டைக்குரல்

சுபாஷிணி தலைநகரின் ஜனக்புரியில் பிறந்து வளர்ந்தவள். ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் தொலைபேசி எடுக்கும் வேலை. பேர் சொல்லாமல் கத்துகிறவர்களைக்கூட அடுத்த முறை அழைக்கும்போது குரலை வைத்தே கண்டுகொள்வாள். பறவைகள் பக்கம் அவள் போனதில்லை. புறாத் தொல்லைக்குப் பால்கனியில் வலை கட்டியதோடு சரி.

போன டிசம்பரில், ஊரிலிருந்து வந்திருந்த நாத்தனார் குடும்பத்தை யமுனைக்குப் படகு சவாரி கூட்டிப் போனார்கள். ஆறு முழுக்கப் பனி. படகோட்டி காராசேவை அள்ளி வீசியதும், குளிர்காலத்துக்கு வந்திருந்த கடற்காகங்கள் கீச்சிட்டுக்கொண்டு மொய்த்தன. எல்லோரும் போட்டோ எடுப்பதில் இருக்க, அந்த இரைச்சலுக்கு அடியில் வேறொரு குரல் அவள் காதில் விழுந்தது. கரகரத்த கட்டைக்குரல். "க்ராஆ" என்று ஒருமுறை, கொஞ்சம் விட்டு இன்னொருமுறை.

"ஏங்க, அது என்ன சத்தம்?"

"காக்கா," என்றான் கணவன் ஜெகன்.

"காக்கா இவ்வளவு கட்டையா கத்தாது."

"அப்ப வாத்து. ஜல்தி, போட்டோவுக்கு நில்லு."

அவளால் விட முடியவில்லை. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மெட்ரோ பிடித்துத் தனியாகவே படித்துறைக்குப் போனாள். குரல் கேட்டது, ஆள் தெரியவில்லை. கைபேசியில் பதிவு மட்டும் செய்துகொண்டாள்.

ஜனவரியில் ஒருநாள் பனி விலகியது. எதிரே மணல்திட்டில், சின்னக் கடற்காகங்களுக்கு நடுவே அவற்றைப்போல் இருமடங்கு பெரிய பறவை ஒன்று நின்றது. வெள்ளைத் தலை. கண்ணுக்குப் பின்னால் மை கலைந்த மாதிரி ஒரு கருமை. மஞ்சள் அலகின் நுனியில் கறுப்பும் சிவப்பும். அது வாயைத் திறந்தது. அதே குரல்.

"வோ படாவாலா, தீதி," என்றார் படகோட்டி. பெரியவனாம், காராசேவைத் தொடமாட்டானாம், மீன்தானாம். பேர் அவருக்கும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து இணையத்தில் பறவைக்குரல்களை ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டாள். ஒன்று அப்படியே பொருந்தியது. ஆனால் அதன் படத்தில் தலை கன்னங்கரேல் என்றிருந்தது.

"அச்சா, உன் காது தப்புன்னு ஒத்துக்க," என்றான் ஜெகன்.

"காது சரியாத்தான் இருக்கு. படத்துலதான் ஏதோ விட்டுப்போச்சு."

பிப்ரவரி கடைசியில் ஜெகனையும் இழுத்துக்கொண்டு போனாள். திட்டில் கருந்தலைப் பறவை ஒன்று நின்றது. வேறு ஏதோ புதிதாக வந்திருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தாள். அது கத்தியது. அவள் ஜெகனின் கையைப் பிடித்தாள்.

"அதே குரல்ங்க."

"பக்கத்துல பாரு," என்றான் அவன். அங்கே நின்ற இன்னொன்றுக்குத் தலை பாதி வெள்ளை, பாதி கறுப்பு. குளிர்காலத்து வெள்ளை உதிர்ந்து கறுப்பு முளைத்துக்கொண்டிருந்தது. கண்ணுக்கு மேலும் கீழும் வெள்ளைக் கீற்று இருப்பதையும் அவன்தான் காட்டினான். படத்தோடு ஒப்பிட்டார்கள். எல்லாம் ஒத்துப்போயிற்று. பெரிய கருந்தலைக் கடற்காகம். அந்தப் பேரை அவள் இரண்டு மூன்று தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள்.

மார்ச் முடிவதற்குள் திட்டு காலியாகிவிட்டது. மத்திய ஆசியாவின் ஏரிகளில் முட்டையிடப் போயிருக்கும் என்று படித்தாள். அடுத்த ஞாயிறு ஓக்லா பறவைகள் சரணாலயத்துக்குப் போகலாமா என்று ஜெகனே கேட்டான். போனார்கள். அங்கே நாணலுக்குள் ஏதோ ஒன்று மணிக்கணக்கில் சீட்டியடித்துக்கொண்டிருந்தது. அது யாரென்று இருவருக்கும் இன்னும் தெரியவில்லை.