அறுத்த அலமாரியும் இருபத்தேழு அங்குலத் திரையும்

அண்ணன் டேப்பை நீட்டி ஓர் அளவு சொல்லிவிட்டால் அதற்கு அப்பீல் கிடையாது. படங்களுக்குச் சட்டம் போடும் கடை அவருடையது. ஒரு நூல் பிசகினாலும் கண்ணாடி உட்காராது. அப்படிப்பட்டவர்தான் தங்கைக்கு மானிட்டர் வாங்கித் தருகிறேன் என்று கிளம்பினார்.

தங்கை பகலில் வீட்டிலிருந்தே கட்டட வரைபடம் போடுகிறவள். மாலையானால் அதே மேசையில் கேம். அதிலும் கெட்டிக்காரி. ஓர் அணிக்கு ஆள் எடுக்கும் ஆட்டத்துக்கு ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். அண்ணன் இதைச் சொல்லாத ஆள் தெருவில் பாக்கி இல்லை. பழைய மானிட்டரோ, எதிராளி ஓடினால் பின்னாலேயே அவன் நிழலையும் இழுத்துக்கொண்டு வரும். எது ஆள், எது நிழல் என்று பார்ப்பதற்குள் இவள் காலி.

இருபத்தேழு இன்ச் போதும் என்று தங்கை சொன்னாள். மேசைமேல் சுவருக்கும் அலமாரிக்கும் நடுவே இருந்ததோ இருபத்தைந்து. அண்ணன் கடையில் முதலில் சொல்லும் எண் படத்தின் அகலம்; இதையும் அப்படியே எடுத்துக்கொண்டார். ஆகவே, அம்மா வெளியே போன நேரம் பார்த்து, அலமாரியின் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்த தட்டுகளை அறுத்து இடத்தை இருபத்தொன்பது ஆக்கினார். அறுப்பு நேர்த்தியாகத்தான் இருந்தது. திரும்பி வந்த அம்மா அதைப் பாராட்டவில்லை.

மானிட்டர் கடையில் விற்பனையாளர் வளைந்த திரை ஒன்றை ஆகா ஓகோ என்றார். நேர்க்கோடு போட்டுப் பிழைக்கிறவள் நான், தட்டையானதே போதும் என்றாள் தங்கை. படம் நொடிக்கு நூற்று நாற்பத்து நான்கு தடவை மாற வேண்டும், எழுத்து கண்ணை உறுத்தக்கூடாது என்று அவள் அடுக்க, அண்ணன் எல்லாம் புரிந்த மாதிரி தலையாட்டினார். கேட்டபடியே ஒன்று கிடைத்தது. டேப்பை வைத்தார். அகலம் இருபத்து நான்கு.

"என்னங்க, இருபத்தேழுன்னு சொல்லி மூணு இன்ச் குறைக்கிறீங்களே?"

"மூலைக்கு மூலை அளங்க சார்."

அளந்தார். இருபத்தேழு, கச்சிதமாக.

தங்கை அவரையே பார்த்தாள். "அப்போ பழைய இடத்துலயே உட்கார்ந்திருக்குமேண்ணா. அலமாரியை எதுக்கு அறுத்தே?"

பக்கத்தில் முப்பத்திரண்டு அங்குலத் திரை ஒன்று இருந்தது. அகலம் இருபத்தெட்டும் சொச்சமும். இதை வாங்கினால் அறுத்தது நியாயமாகிவிடும். அம்மா முன்னால் தலை நிமிர்ந்து நிற்கலாம். இதையே எடுத்துக்கொள்ளலாம் என்றார். விற்பனையாளர் முகம் மலர்ந்தது. அண்ணன் ஆசையாக வாங்கித் தருவதாயிற்றே, தங்கை மறுக்கவில்லை.

ஆனாலும் அண்ணன், வீட்டு மேசை அளவுக்கு நாற்காலியை நெருக்கிப் போட்டு, ஓர் ஆட்டம் ஆடிப் பார்க்கச் சொன்னார். திரையின் மூலையில் இருந்த குட்டி மேப்பைப் பார்க்க அவள் தலையையே திருப்ப வேண்டியிருந்தது. திரும்பி வருவதற்குள் சுட்டுவிட்டார்கள். மறுபடியும் அதே கதை. சின்ன அறைக்குப் பெரிய படம் கேட்டு வருகிறவர்களிடம் அவரே தன் கடையில் சொல்வதுதான்: கிட்டே நின்றால் முழுசாகத் தெரியாது.

"அந்த இருபத்தேழையே கட்டிக் கொடுங்க" என்றார். "அம்மாகிட்ட திட்டு நான் வாங்கிக்கிறேன்."

வாங்கினார். மானிட்டரை மேசையில் வைத்த பிறகு மிச்சமிருந்த இடைவெளியை அம்மா எட்டிப் பார்த்தார். "இதுல உன்னை நிறுத்தி வெச்சா சரியா இருக்கும்டா."

ஞாயிறு சாயங்காலம் அறைக் கதவு திறந்தது. தங்கை ஹெட்போனைக் கழுத்தில் இறக்கிவிட்டுக்கொண்டு நின்றாள்.

"எடுத்துட்டாங்கண்ணா."

"மூலையில மேப் தெரிஞ்சுதா?"

"தலையைத் திருப்பவே இல்லை."

அண்ணன் செருப்பை மாட்டினார். தெருவில் முதல் வீட்டிலிருந்து மறுபடியும் ஆரம்பிக்க வேண்டியிருந்தது.