மெஹிட்டபெல்லின் பிரசங்கம்

பாஸ்டனில் நீதிபதியையே "நீ, வா, போ" என்று பேசியதற்காக மெஹிட்டபெல்லை ஊரைவிட்டுத் துரத்தினார்கள். கடவுளுக்கு முன் எல்லோரும் சமம் என்பது அவளுடைய குவேக்கர் சபையின் கொள்கை. அதனால் அவள் யாருக்கும் "நீங்கள்" போடமாட்டாள்.

நியூபோர்ட்டுக்கு வந்தவள், பாப்டிஸ்ட் சபையாரின் ஜெபக்கூட்டத்துக்குள் புகுந்து பிரசங்கியாரை மறித்தாள்.

"நீ சொல்றது எல்லாம் தப்பு."

"அப்படியா? சரி, நீ சொல்லும்மா, கேக்கறோம்" என்று அவர் உட்கார்ந்துவிட்டார்.

பாஸ்டனில் முதல் வாக்கியம் முடிவதற்குள் இழுத்துப்போய்விடுவார்கள். இரண்டாவது வாக்கியத்தை அவள் யோசித்ததே இல்லை. கடைசி பெஞ்சில் காவலர் ஓபதியாவைப் பார்த்தாள்.

"நீ என்னைப் பிடிச்சு ஜெயில்ல போடலையா?"

"இங்க யாரு எந்தச் சபைக்குப் போனாலும், என்ன பேசினாலும் குத்தமில்லம்மா. ஜெயில்லயும் இடமில்ல, வேலி தாண்டின பன்னி கிடக்கு."

"உன்னை 'நீ'ன்னு கூப்பிடறேனே, கோபம் வரலையா?"

"எம் பொண்டாட்டி கூப்பிடறதுக்கு இது எவ்வளவோ மேல்."

"அடுத்த வாரம் வந்து சொல்றேன்" என்று அவள் பிரசங்கியாரிடம் முணுமுணுத்தாள்.

வாரம் முழுக்க யோசித்துவிட்டு வந்து, மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் பேசினாள். பிரசங்கியார் பதிலுக்குப் பதில் கொடுத்தார். அவருக்குப் பதில் சொல்வதற்காகவே அவள் அந்த ஊரில் வீடு கட்டிக்கொண்டாள்.